மாதாமாதம் கழுவ அது பைக் இல்லை, சிலந்தி!

டரன்டுலா வளர்ப்பவர்களிடம் ஒரு தீராத வியாதி உண்டு. அதன் பெயர் சுத்தம்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாய் பூனை வளர்ப்பது மாதிரி சிலந்தி வளர்ப்பவர்கள் ஏராளம். சிலி நாட்டு ரோஸ் ஹேர், மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி இரண்டும் அவர்களின் செல்லங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி, அடியில் தேங்காய் நார்த்தூளோ மண்ணோ, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். முடிந்தது வீடு. ஆனால் வாங்கியவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் அடிக்கடி ஒன்று வரும்: 'மாதம் ஒருமுறை சிலந்தியை வெளியே எடுத்து, மண்ணை முழுதாகக் கொட்டி, பெட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.' வெள்ளெலிக்கு எழுதிய குறிப்பில் பெயரை மட்டும் மாற்றியது போல இருக்கிறது. சுத்தமாகத் தேவையில்லாத ஆணி இது.

ஏன்? வெள்ளெலி நாள் முழுக்கத் தின்னும், நாள் முழுக்கக் கழியும், நாறும். வளர்ந்த டரன்டுலாவுக்கு வாரம் ஒரு பூச்சி போதும். சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஒன்றும் ஆகாது. அதன் கழிவில் பெரும்பகுதி குவானின் என்ற வெள்ளைப் பொருள். ஈரம் குறைவு, நாற்றம் கிடையாது. கண்ணாடியில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி காய்ந்து கிடக்கும். அதற்காகவா வீட்டையே இடிப்பது?

இடிப்பது என்று சொல்வது மிகையில்லை. டரன்டுலாவுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மோசம். காலில் உள்ள மயிர்கள் வழியே அதிர்வைப் பிடித்துத்தான் அது உலகத்தை அறிகிறது. மண்ணில் அது விரித்து வைத்திருக்கும் நூல்தான் அதற்குக் காலிங்பெல், கேமரா எல்லாம். மனிதக் கண்ணுக்கு ஒட்டடை. 'குப்பை' என்று அள்ளிக் கொட்டினால் சிலந்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாதாமாதம் இதே கூத்து என்றால் அது எப்போதுதான் குடியேறுவது?

வெளியே எடுப்பதில் உயிர் ஆபத்தும் உண்டு. தரையில் வாழும் டரன்டுலாவின் வயிறு கனமானது, அதன் தோலோ மெல்லியது. கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்து செத்துப்போகலாம். தோலுரிக்கும் சமயமென்றால் இன்னும் மோசம். உரித்து முடித்த சில நாட்களுக்கு உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும், கடிக்கும் பல்லும் இறுகியிருக்காது. அப்போது வந்து 'இன்று முதல் தேதி, கழுவும் நாள்' என்று பெட்டியைத் திறப்பவரை என்ன சொல்வது!

திறப்பவருக்கும் ஆபத்துதான். 2009-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் மூன்று வாரமாகக் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசி மருத்துவமனைக்கு வந்தார். மருந்து எதுவும் கேட்கவில்லை. நுண்நோக்கியில் பார்த்தால் கருவிழியில் மெல்லிய மயிர்கள் குத்தி நிற்கின்றன. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தன் ரோஸ் ஹேர் டரன்டுலாவின் பெட்டிக் கண்ணாடியில் விடாப்பிடியான ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அசைவது தெரிந்து திரும்பியதும், சிலந்தி முகத்தில் மயிர்ப்புகையை வீசிவிட்டது. இடுக்கியால் பிடுங்க முடியாத அளவுக்கு நுண்ணிய மயிர்கள். 2010-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. ஒரு கறைக்குக் கொடுத்த விலை!

சரி, அப்படியானால் துடைப்பத்தையே தூக்கிப் போட்டுவிடலாமா? எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் அதைத்தான் சொல்கிறது: 'காட்டில் யார் கூட்டிப் பெருக்குகிறார்கள்?' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காட்டில் வளை இருக்கிறது, வளைக்கு வெளியே என்று ஓர் இடமும் இருக்கிறது. தின்று மிஞ்சிய சக்கை உருண்டையை டரன்டுலா அங்கே ஒதுக்கிவிடும். பெட்டியில் 'வெளியே' கிடையாது. ஒதுக்கும் மூலை பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணம்தான். சக்கையும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும், மைட்ஸ் என்கிற நுண்பூச்சிகள் பெருகும். அடைத்து வைத்தவருக்குத்தான் அள்ளும் பொறுப்பு.

ஆக, கணக்கு எளிது. சக்கை உருண்டை, செத்த பூச்சி, உரித்த தோல் எல்லாவற்றையும் கண்ணில் பட்ட அன்றே நீண்ட இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். சிலந்தி தின்னாத பூச்சி உயிரோடு திரிந்தால் ஒரு நாளுக்குள் வெளியேற்ற வேண்டும், தோலுரிக்கும் சிலந்தியையே அது கடித்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். முழு மண்ணையும் மாற்றுவது வாடகை மாதிரி மாதாமாதம் கட்டும் செலவு இல்லை. ரிப்பேர் செலவு மாதிரி, பழுது வந்தால்தான். மைட்ஸ் மொய்க்கிறதா, பூஞ்சணம் பரவுகிறதா, மண் அழுகி நாறுகிறதா? உடனே மாற்றுங்கள், தேதி பார்க்காதீர்கள். எதுவும் இல்லையா? வறண்ட மண்ணில் வாழும் இனத்துக்கு வருடக்கணக்கில் தொடாமலே விடலாம். ஈரம் தேவைப்படும் இனத்தின் பெட்டியில் மட்டும் கண் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். மாற்றும்போதும் சோப்பு, பினாயில், பூச்சி மருந்து பக்கம் போக வேண்டாம். வெந்நீர் போதும். சிலந்தியைக் கையால் தூக்காமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து நகர்த்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

இவ்வளவு தெரிந்தும் மாதாமாதம் கழுவுகிறார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். டரன்டுலா வாலாட்டாது, மடியில் ஏறாது, பெயர் சொன்னால் திரும்பாது. வளர்ப்பவருக்கோ அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். செய்ய ஒன்றும் கிடைக்காததால் கழுவுகிறார். ஆனால் பெண் டரன்டுலா இருபது வருடம்கூட வாழும். அந்த இருபது வருடமும் அது கேட்பது, தினமும் ஒரு பார்வை, அவசியமென்றால் ஓர் இடுக்கி, மற்ற நேரமெல்லாம் தொந்தரவில்லாத ஒரு மூலை. அதைத் தர முடியாதவர்கள் பைக் வாங்கிக் கழுவிக்கொண்டிருக்கலாம்.