முதல் அடியில் கோட்டை விடலாமா?

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நாட்டின் எந்த நகரத்து உள்விளையாட்டு அரங்கிலும் ஒரே காட்சிதான். ஒரு ஆடுகளம், முப்பது சிறுவர்கள், ஒரு விசில். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் காத்திருப்பது ஸ்மாஷ் அடிக்க. எகிறி, ஓங்கி, ‘படார்’ என்று ஒரு அடி. மீண்டும் வரிசையின் கடைசிக்கு ஓட்டம். கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் முகத்தில் பெருமை. கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம் ஆட விடும்போதுதான் வண்டவாளம் வெளியாகிறது. பாதிப் பேருக்கு சர்வீஸ் போடத் தெரியவில்லை. ஷட்டில் வலையில் முட்டுகிறது, அல்லது மட்டையில் படாமலே தரையில் விழுகிறது. கற்ற ஸ்மாஷுக்கு வேலையே வருவதில்லை.

பாட்மின்டனில் மற்ற எல்லா அடிகளும் எதிராளி அனுப்பியதற்குப் பதில்தான். சர்வீஸ் மட்டுமே ஆடுபவரின் சொந்தப் பொறுப்பு. முன்பு இதில் தவறினால் பெரிய நஷ்டமில்லை. சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி கிடைத்த காலம் அது. தவறினால் சர்வீஸ் கை மாறும், அவ்வளவுதான். 2006இல் முறை மாறியது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ஆட்டத் துண்டுக்கும் ஒரு புள்ளி. வலையில் முட்டிய சர்வீஸ் இப்போது எதிராளிக்கு நேரடிப் பரிசு.

கற்றுக்கொடுப்பதில் முதல் பாடம் அடிப்பது அல்ல, விடுவது. டென்னிஸ் பார்த்த குழந்தைகள் ஷட்டிலை மேலே தூக்கிப் போடுகிறார்கள். இறகுகளின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்து, கையை அசைக்காமல் விட்டுவிட வேண்டும். முன்னங்காலுக்குச் சற்று முன்னால் சாக்பீஸால் வட்டம் போட்டு, மட்டையே இல்லாமல் அதற்குள் விழவைக்கச் சொல்லலாம். அது கைவந்தால் உயர சர்வீஸ் பாதி வந்த மாதிரி. பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு எடை மாற, மட்டை கீழிருந்து மேலாக வீசி எதிர்த் தோளுக்கு மேல் முடிய வேண்டும். ஆனால் அடித்து முடியும்வரை இரு பாதங்களும் தரையை விட்டு எழக்கூடாது, கோட்டை மிதிக்கக்கூடாது.

இரட்டையர் ஆட்டத்துக்கான குட்டை சர்வீஸ் வேறு ரகம். கட்டைவிரலைப் பிடியின் அகலமான பக்கத்தில் அழுத்தி, புறங்கையால் ஷட்டிலைத் தள்ளுவதுதான் வேலை. வீச்சு சாண் அளவு போதும். வலைக்கு ஒரு சாண் மேலே கயிறு கட்டி, இரண்டுக்கும் நடுவே ஷட்டிலை அனுப்பச் சொன்னால் எவ்வளவு தாழ்வாகப் போகவேண்டும் என்று விளக்கத் தேவையே இருக்காது. இது நிலைத்த பிறகே ஃப்ளிக். தொடக்கம் அதே மாதிரி, கடைசி நொடியில் விரல்களின் சொடுக்கு. குட்டை சர்வீஸ் நம்பும்படி இல்லாவிட்டால் ஃப்ளிக்கிடம் யாரும் ஏமாறமாட்டார்கள்.

உயரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு ஷட்டில் இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது விதி. இடுப்பு என்பது கடைசி விலா எலும்பா, கால்சட்டையின் பெல்ட்டா என்று நடுவர்களோடு ஓயாத வாக்குவாதம். 2018 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து போட்டியில், தரையிலிருந்து 1.15 மீட்டர் என்ற நிலையான அளவு பரிசோதனையாக வந்து, பின்னர் விதியானது. வளர்ந்தவர்களுக்குச் சரி. பத்து வயதுப் பையனுக்கு 1.15 மீட்டர் கிட்டத்தட்ட தோள் உயரம். தோளருகிலிருந்து தட்டையாகத் தள்ளிப் பழகியவன் வளர்ந்த பிறகு எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்க வேண்டும். எனவே விதி எதுவானாலும் குழந்தைக்கு இடுப்பே எல்லை என்று சொல்லிக்கொடுப்பது நல்லது.

குறுக்கு வழிகளும் குழந்தைகளைக் கவர்கின்றன. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிடேக் சகோதரர்கள் இறகில் முதலில் பட அடித்து ஷட்டிலைத் தறிகெட்டுச் சுழலவைத்தார்கள். அது தடை செய்யப்பட்டது. 2023இல் டென்மார்க்கின் மார்கஸ் ரின்ட்ஷோய் விரலாலேயே சுழற்றிவிட்டு அடித்தார். சில வாரங்களில் அதற்கும் தடை. செல்போனில் அதைப் பார்த்துவிட்டு வரும் பையனிடம், மட்டை முதலில் தொடவேண்டியது ஷட்டிலின் அடிக் கட்டையைத்தான் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறுமைதான் இங்கே முக்கியம். சர்வீஸ் நடுங்கும் கையில் நிற்காது. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை கையை இறுக்குகிறது, ஷட்டில் மறுபடி வலைக்குப் போகிறது, சில நாட்களில் குழந்தை பயிற்சிக்கே வருவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு தவறை மட்டும் திருத்தி, பத்துக்கு எத்தனை சரி என்று அதன் நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த வாரம் தன் முன்னேற்றத்தைத் தானே பார்க்கும்.

ஆடுகளம் கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன் ஆடிப் பழகியது பெங்களூர் கனரா யூனியன் கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது. சர்வீஸுக்கு அந்த மண்டபம்கூட வேண்டாம். துணி காயப்போடும் கொடியை ஐந்தடி உயரத்தில் கட்டி, இருபுறமும் ஆறரை அடியில் ஒரு கோடு கிழித்தால் போதும். வலையின் நடு உயரமும் குட்டை சர்வீஸ் கோட்டின் தூரமும் அதுதான். தினம் ஐம்பது சர்வீஸ். எதிரில் ஆள்கூடத் தேவையில்லை.