விழுந்தவனைக் கேலி செய்யாதீர்கள்

சைக்கிளிலிருந்து விழுந்தவன், காயம் ஆறிய பிறகும் ஏறத் தயங்கினால் "இதற்கெல்லாமா பயம்?" என்று சிரிக்கிறோம். அது தவறு என்பது என் கருத்து.

ஓட்டும் திறமை அவனை விட்டுப் போய்விடவில்லை. அது சிறுமூளையின் துணையால் பதிந்த பழக்கம், எளிதில் அழியாது. புதிதாக வந்திருப்பது அச்சம். அதுவோ வண்டியையும் கெடுக்கிறது. எப்படி?

சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரத்தையும் இடப்பக்கமே சற்றுத் திருப்பி, சக்கரங்களை நம் எடைக்குக் கீழே கொண்டுவருகிறோம். நாம் அறியாமலேயே இத்திருத்தங்கள் ஓயாமல் நடக்கின்றன. (சுழலும் சக்கரத்தின் ஜைராஸ்கோப் விளைவே காரணம் என்று படித்திருப்பீர்கள். அவ்விளைவு இல்லாமலும் சைக்கிள் நிமிர்ந்து ஓடும் என்பதை 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டிவிட்டனர்!) கைப்பிடியை இறுகப் பற்றினால் இச்சிறு திருத்தங்கள் தடைப்படும். மிக மெதுவாகப் போனாலோ கைப்பிடியை அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். பயந்தவன் இரண்டையும் செய்கிறான். வண்டி ஆடுகிறது, பயம் வளர்கிறது.

"உடனே ஏறு" என்று விரட்டுவதும் சரியல்ல. தலையில் அடிபட்டிருந்தால் மருத்துவர் சொல்லும்வரை சைக்கிளைத் தொடவே கூடாது. பிறகு ஆளில்லாத மைதானத்தில் தொடங்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பழகிய அச்சம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது. இடம் மாறினால் பழைய அச்சம் தலைதூக்கும். பாவ்லோவின் நாய்களிடமும், மறைந்துபோன பழக்கம் சிறிது ஓய்வுக்குப்பின் திரும்பியது அல்லவா? ஆகவே மைதானம், சந்தடியற்ற தெரு, பிறகு ஆட்கள் நடக்கும் பாதை என்று போக வேண்டும்.

இந்தக் கடைசிப் படிதான் கடினம். இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட ரயில் தடத்தை 1979 முதல் 1986 வரை பொதுப்பாதையாக மாற்றினார்கள். மோட்டார் வண்டிகள் கிடையாது. ஆனால் நடப்போர், குழந்தைகள், நாய்கள், சைக்கிள்கள் எல்லாம் ஒரே பாதையில்! இத்தகைய இடத்தில் விழுந்தவனுக்குத் துணிவு வர வேண்டுமென்றால், வேகமாகச் செல்லும் மற்றவர்களும் மாற வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நொடி யோசிப்பதற்குள் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் அத்தூரம் பாதியாகும். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ கால் பங்காகும்.

முதுகுக்குப் பின்னால் வந்து மணியடித்தால், நடப்பவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று அவருக்கே தெரியாது. தூரத்திலேயே அடியுங்கள். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று கவனித்து, பிறகு கடந்து செல்லுங்கள்.