கால் வைக்கும் இடம்

பழைய பிக்கப் வண்டிக்கு விரிப்பு வாங்கும் முன் அதன் தரையைப் பார்க்க வேண்டும்

வியாழக்கிழமைகளில் பெங்களூர் விவேக் நகருக்குள் வண்டி ஓட்டப் பொறுமை வேண்டும். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டம் சாதி, மதம் பார்ப்பதில்லை. சாலையையும் விட்டுவைப்பதில்லை. அந்தக் கூட்டத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய பழைய பிக்கப் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலத்து வண்டி. காய்கறி மூட்டையும் சிமெண்ட்டும் சுமந்து ஒரு குடும்பத்தைக் கரையேற்றியது. மகனுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வண்டியை மறுபடி ஓட வைக்க ஆசை.

எஞ்சினை இறக்கி ஏற்றியாகிவிட்டது. டிங்கரிங் முடிந்து பெயிண்ட்டும் அடித்தாயிற்று. சீட்டுக்குப் புது ரெக்சின். பாக்கி இருப்பது கேபினின் தரை மட்டும்தான். அரை நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு ஜே.சி. ரோட்டுக்குப் போகிறார்.

கடைக்காரரின் முதல் கேள்வி: "கார்பெட்டா சார், மேட்டா?" பதில் வருவதற்குள் தீர்ப்பையும் அவரே சொல்லிவிடுகிறார். "கார்பெட்டே போட்டுடுங்க. உள்ளே ஹால் மாதிரி இருக்கும்."

கோளாறு இங்கேதான் ஆரம்பம். அந்த கேபின் ஒரு நாளும் ஹாலாக இருந்ததில்லை.

அந்நாளில் இந்தியச் சாலைகளில் ஓடிய பிக்கப்களில் பலவும் அமெரிக்க வம்சம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாய் சிவ்ரியில் பாகங்களை இறக்குமதி செய்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. 1954ல் கடையைக் கட்டியது. வால்சந்த் ஹிராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் குடும்பத்தின் டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளைப் பூட்டியது. மகிந்திரா வில்லிஸைக் கொண்டுவந்தது. பெயர் எதுவானாலும் இவற்றில் ஏறியவர்கள் சேற்றுக் காலோடு ஏறியவர்கள். எனவே தரையில் தடித்த கறுப்பு ரப்பர் விரிப்புதான் இருந்தது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துடைப்பம், அவ்வளவுதான் பராமரிப்பு. கம்பளம் கார்களுக்கானது. பிக்கப்பைக் குடும்ப வண்டியாகவும் ஓட்டும் பழக்கம் அமெரிக்காவில் பரவிய பிறகே அது இந்த கேபினுக்குள் நுழைந்தது.

ரப்பருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தரையின் அமைப்பில் இருக்கிறது. 1947 முதல் 1955 வரை வந்த செவ்ரலே பிக்கப்பை எடுத்துக்கொள்ளலாம். பிரேக் எண்ணெய் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் தரையில் உள்ள துவாரத்தைத் திறந்துதான் ஊற்ற வேண்டும். பேட்டரி இருப்பது பக்கத்தில் உட்காருபவரின் காலுக்குக் கீழே. அதற்கும் தரையில்தான் மூடி. கிளட்ச், பிரேக் பெடல்கள் இன்றைய கார்களைப் போல மேலிருந்து தொங்குவதில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. ஹெட்லைட்டைத் தாழ்த்தும் பொத்தானும் காலால் அமுக்குவதுதான். அந்த வரிசையின் தொடக்க கால வண்டிகளில் ஸ்டார்ட்டரும் அப்படியே.

ஆக, இந்தத் தரை பாதி தரை, பாதி கதவு. அதன்மேல் பசை தடவிக் கம்பளத்தை ஒட்டிவிட்டால் கதவுகள் அடைபட்டுப்போகும். பிரேக் எண்ணெயைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கம்பளத்தைக் கிழிக்க யாருக்கும் மனம் வராது. பார்ப்பது ஒரு மாதம் தள்ளிப்போகும், பிறகு ஆறு மாதம். கடைசியில் பிரேக்கே ஒரு நாள் ஞாபகப்படுத்தும்.

அடுத்த எதிரி தண்ணீர். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 97 செ.மீ. மழை பெய்கிறது. கோடையின் இடிமழையில் தொடங்கி ஐப்பசி வரை வானத்தை நம்ப முடியாது. 2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதிகளில் கார்கள் மிதந்ததை நாடே பார்த்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்துபோன பழைய கேபினுக்கு ஒரு சாதாரண மாலை மழையே போதும். சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் தரையில் போய்த் தங்கும். ஈரச் செருப்பும் தன் பங்குக்குக் கொண்டுவரும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். திறந்து கிடக்கும் தகடு மழைக்கு நனைந்தாலும் வெயிலுக்குக் காய்ந்துவிடும். கம்பளத்துக்கு அடியில் கிடக்கும் தகட்டுக்கு அந்த வழி இல்லை. கம்பளமும் அதன் கீழே மெத்தையாகப் போடும் சணல் ஃபெல்ட்டும் ஈரத்தை உறிஞ்சி நாள்கணக்கில் வைத்திருக்கும். துரு வளரக் காற்று கிடைக்கும். ஈரம் வெளியேறக் காற்று கிடைக்காது. மேலே மெத்தென்று இருக்கும், கீழே தகடு அப்பளமாகிக்கொண்டிருக்கும். குதிகால் உள்ளே இறங்கும் நாளில்தான் விஷயம் தெரியும்.

கம்பளத்துக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கியர் பெட்டியும் புகைக்குழாயும் காலுக்கு நேர் கீழே இருப்பதால் நகர நெரிசலில் கேபின் அடுப்பாகிவிடும். கம்பளம் சூட்டையும் இரைச்சலையும் ஓரளவு தடுக்கிறது. மழையில் வெளியே எடுக்காமல், கண்காட்சிக்கு மட்டும் கொண்டுபோகும் வண்டியென்றால் அதைப் போடுவதில் பெரிய தவறில்லை. ஆனால் தடித்த கம்பளம் தரையிலிருந்து எழும் பெடலின் கீழ்ப் பாதையை அடைக்கும். கிளட்ச்சை முழுதாக மிதிக்க முடியாவிட்டால் கியர் கத்தும். பிரேக்கை முழுதாக மிதிக்க முடியாவிட்டால் கத்த வேண்டியவர் எதிரே வருகிறவர்.

நம் ஊர்ச் சரக்கான தென்னை நார் எப்படி? ஜேம்ஸ் டாரா 1859ல் ஆலப்புழையில் நார் விரிப்புத் தொழிற்சாலையைத் தொடங்கிய நாளிலிருந்து உலகத்தின் வாசற்படிகளில் கிடப்பது அதுதான். உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையிலிருந்து எடுத்த நார் தண்ணீருக்குப் பயப்படாது, சீக்கிரம் காயும். பக்கத்து இருக்கைக்காரர் கால் துடைக்க அருமையான பொருள். ஓட்டுநரின் காலடிக்கு மட்டும் ஆகாது. உதிரும் நார் பெடல் துவாரத்தில் சேரும். அதைவிட முக்கியம், தனித் துண்டாகக் கிடப்பது நழுவும்.

நழுவும் விரிப்பு என்ன செய்யும் என்பதை 2009 ஆகஸ்டில் அமெரிக்கா பார்த்தது. சான் டியாகோ அருகே கட்டுப்பாடு இழந்து பறந்த லெக்ஸஸ் காரில் நான்கு பேர் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான ரப்பர் விரிப்பு அந்தக் காரில் போடப்பட்டிருந்ததும், அதில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டதும் விசாரணையில் தெரியவந்தது. அடுத்த மாதமே டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களை விரிப்பை எடுத்துவிடச் சொல்ல வேண்டிவந்தது. புத்தம் புதிய காரின் கதி இது. எழுபது வயது பிக்கப்பில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கும் மேட்டை வாங்கிப் போடுகிறவர் யோசிக்க வேண்டும்.

எனவே விடை பழைய விடைதான். தடித்த ரப்பர், அந்த வண்டியின் தரைக்கென்றே வெட்டியது. நீளக் கோடுகள் உள்ள ரப்பர் ஷீட் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. வழவழப்பான வினைல் விலை குறைவுதான். ஆனால் ஈரக் கால் வழுக்கும், வெயிலில் நாளடைவில் விறைத்துச் சுருங்கும். சூட்டுக்கும் சத்தத்துக்கும் ரப்பருக்கு அடியில் ஏதாவது வேண்டுமென்றால், சணல் ஃபெல்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சாத நுரை ஷீட்டைப் போடலாம். அதையும் ஒட்டக் கூடாது.

ரப்பரும் கவனம் கேட்கும். அதன் கீழே நுழைந்த தண்ணீரும் எளிதில் வெளியே வராது. வித்தியாசம், ரப்பரை ஒரு கையால் தூக்கிவிடலாம் என்பதுதான். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தூக்கி, துடைத்து, கதவைத் திறந்துவைத்தால் போதும். தூக்கியபோதே பிரேக் எண்ணெயையும் பேட்டரியையும் பார்த்துவிடலாம்.

விரிப்பதற்கு முன் தரைக்குச் செய்ய வேண்டியது நிறைய. பெங்களூரில் தை முதல் மாசி வரை காய்ந்த காலம். அதுவே நல்ல முகூர்த்தம். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமரும் பெயிண்ட்டும் மேலே மட்டுமின்றி வண்டிக்கு அடியிலும் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே தார் ஷீட்டை ஒட்டி மறைப்பது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவது. வடிகால் துவாரங்கள் அடைபட்டிருந்தால் திறக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், எஞ்சினை அணைத்துவைத்து, விரிப்பைப் போட்டு, மூன்று பெடல்களையும் அடிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். எதுவும் உரசக் கூடாது. விரிப்பின் ஓரங்களைத் தகட்டுப் பட்டை வைத்து ஸ்குரூவால் பிடித்துக்கொண்டால் நகராது, வேண்டும்போது கழற்றலாம்.

சட்டமும் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படுத்தாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். நிபந்தனை, வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. விரிப்பு இந்தக் கணக்கில் வராது. ஆனால் அது மறைத்த துரு கேபினையே தின்று, உடற்கூட்டை மாற்றும் நிலை வந்தால் கணக்கு வேறாகிவிடும்.

விவேக் நகர்க்காரர் இனி ஜே.சி. ரோட்டுக்கு மறுபடி போகலாம். போகும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டிங்கரிங்குக்காகப் பிடுங்கி மொட்டை மாடியில் எறிந்த அந்தப் பழைய ரப்பர் விரிப்பு. வெடித்துப்போயிருந்தாலும் பெடல், கியர், மூடிகளின் இடமெல்லாம் அதில் அச்சாக இருக்கிறது. புது ரப்பரின்மேல் விரித்துச் சாக்பீஸால் வரைந்துகொண்டால் வேறு அளவே தேவையில்லை. ஆக்சிலரேட்டருக்கு நேராக அதில் ஓர் ஓட்டை இருக்கும். இருபது, முப்பது வருடம் அப்பாவின் குதிகால் தேய்த்துத் தேய்த்து விழுந்த ஓட்டை. புது விரிப்பில் கூடுதலாக ஒரு துண்டு ரப்பர் வைக்க வேண்டிய இடம் அதுதான்.