சின்னப்பாலத்துக்கும் ஒரு பிரதி

மன்னார் வளைகுடா அளவுக்கு ஆராயப்பட்ட கடல் இந்தியாவில் குறைவு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே கடற்பாசியை ஆராய்கிறது. இத்தனை அறிவு குவிந்த கரையில், பாசி எடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

கப்பாபைகஸ் பாசியை எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுவில் மண்டபத்துக்கு வந்த அயல் இனம் இது. 2000த்துக்குப் பிறகு மகளிர் குழுக்கள் கடன் வாங்கி, மூங்கில் மிதவை கட்டி வளர்த்தார்கள். வீட்டுச் செலவுக்கு அது கைகொடுத்தது. 2008இல், குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இந்தப் பாசி படர்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆபத்தில்லை என்று வேறு சிலர் எழுதினார்கள். எல்லாம் ஆங்கில ஆய்விதழ்களில். 2013 வாக்கில் வெப்பமும் நோயும் தாக்கி விளைச்சல் சரிந்தபோது, நட்டம் மட்டும் தமிழ் பேசும் வீடுகளில் வந்து விழுந்தது.

அறிவு ஆய்வாளர் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பதும் பொய். கைவிரல்களில் துணி சுற்றி, பாறைகளுக்கிடையே முக்குளித்து மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கு, அடிப்பற்று பாறையில் நின்றால்தான் பாசி மறுபடி தழைக்கும் என்பது தெரியும். 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறைக் கெடுபிடி கூடியபோது, அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களின் கூட்டமைப்பை வழிநடத்திய, பாம்பன் அருகே சின்னப்பாலம் கிராமத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அமெரிக்கா கவனித்ததை மண்டபம் கவனிக்க வேண்டாமா?

இப்போது இராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் ஏறத்தாழ 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. மறுபடி மிதவைகள், மறுபடி கடன்கள். இந்த முறையாவது இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்களும், மீன்வளத்துறையும், வனத்துறையும், பாசிப் பெண்களின் கூட்டமைப்பும் ஒரே பாயில் உட்கார வேண்டும். எந்த மாதம் நீர் சூடாகும், எந்த இடத்தில் மிதவை கூடாது, விளைச்சல் கெட்டால் கடனை யார் ஏற்பது என்பதெல்லாம் பணம் கைமாறும் முன்பே தமிழில் பேசப்பட வேண்டும். பாம்பனில் 2016 முதல் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி ஒலிக்கிறது; ஆய்வாளர்கள் அதன் ஒலிவாங்கி முன் மாதம் ஒருமுறை வந்து உட்காரட்டும். ஆய்வறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்று, தகவல் தந்த பெண்ணின் கைக்குப் போகட்டும். மண்டபத்தில் ஆய்வு செய்யும் நண்பர்களே, அந்தத் தமிழ்ப் பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். இந்த இதழில் அச்சிடுகிறோம்.