எலுமிச்சைக் கன்றுக்கும் கைரேகை வேண்டும்

மரபணுன்னு சொன்னாலே நமக்கு 2010-ல் நிறுத்தி வைக்கப்பட்ட பி.டி. கத்தரிக்காய்தான் ஞாபகம் வருது. டிஎன்ஏ ரேகை அதுவல்ல. இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, மரத்துக்கு மரம் என்ன வேறுபாடு என்று படிப்பார்கள். செடியில் எதையும் மாற்றுவதில்லை.

எலுமிச்சைக்கு இது அவசியம். ஒரே விதையில் இரண்டு மூன்று கன்று முளைக்கும். பெரும்பாலும் தாய்மரத்தின் நகல். ஒன்று கலப்பாக இருக்கலாம். கன்றுப் பருவத்தில் கண்ணால் பிரிப்பது கஷ்டம். காய்க்கிறதுக்குள் சில வருஷம் போயிடும்.

ராயபுரம் வங்கிக் கிளையில் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடாமல் காசோலைக்குப் பணம் தரமாட்டோம். கன்று வாங்கும்போது மட்டும் வாய்ச்சொல்லே போதுமா? அரசு நாற்றுப்பண்ணைகள் தாய்மரங்களின் ரேகையைப் பதிந்து வைக்கணும். நம்ம ஊர் ரகங்களை, 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் நம் பெயரிலேயே பதிய, குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிப்போம்.