பாம்புக்குப் புது வீடு

நாய்க்குட்டி வேண்டும், கிளி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்த காலம் மாறி வருகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், மூணாறு, குமுளி மலைப்பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில்கூட, "பாம்பு வளர்க்கலாமா?" என்ற கேள்வி இப்போது எழுகிறது. விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. அதற்கு என் பதிலை நம் சங்கத்து அன்பர்கள் அனைவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் சட்டம். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. இந்திய மலைப்பாம்பு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடித்து வைத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மண்ணுளிப் பாம்பை "இருதலைப் பாம்பு" என்று சொல்லி, அது வீட்டில் இருந்தால் செல்வம் கொழிக்கும் என்று ஆசை காட்டி லட்சக்கணக்கில் விலை பேசும் கூட்டம் எல்லையின் இருபுறமும் உண்டு. அதற்கு ஒரே தலைதான். வால் மழுங்கியிருப்பதால் இன்னொரு தலைபோலத் தெரிகிறது, அவ்வளவே. வாங்கியவருக்குச் செல்வம் வராது, வழக்குத்தான் வரும்.

மீதி இருப்பவை வெளிநாட்டுப் பாம்புகள். அவற்றுள் அதிகம் விற்பனையாவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. கடைக்காரர்கள் "பால் பைதான்" என்பார்கள். அந்தப் "பால்" நாம் புற்றில் ஊற்றும் பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நஞ்சில்லாதது, சாதுவானது. ஆனால் இவை எப்படி இங்கே வருகின்றன என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் சிக்கின. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் இன்னொருவரின் பெட்டியில், துளையிட்ட சிறு டப்பாக்களுக்குள், 47 மலைப்பாம்புகள் இருந்தன. பிடிபட்ட கணக்கு மட்டுமே இது. வெளிநாட்டு அரிய உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன. பால் பைதானும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே உரிய தாள்கள் இல்லாத பாம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பாம்பு நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது ஆண்டு உயிர் வாழும். நம்மில் பலர் வேலை நிமித்தம் ஊர் மாறுகிறவர்கள். இன்று பாலக்காடு, நாளை கொச்சி, அடுத்து வளைகுடா. பத்தாம் வகுப்புப் பையனின் ஆசைக்கு வாங்கும் பாம்பு, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் உயிரோடு இருக்கும். அதுவரை பார்த்துக்கொள்ளப்போவது யார்? இதனால்தான், கேட்பவர்களிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன்.

ஆனால் ஏற்கெனவே வாங்கி, முறையாகப் பதிவும் செய்துவிட்டவர்களை என்ன செய்யச் சொல்வது? வந்துவிட்ட உயிர் நம் பொறுப்பு. அதைப் புதுக் கூட்டில் நல்லபடியாகக் குடியமர்த்துவதே நாம் செய்யக்கூடிய நியாயம். இங்கேதான் பெரும்பாலோர் தவறிப்போகிறார்கள், அதுவும் அன்பு மிகுதியால்.

மூணாறு எஸ்டேட் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் மகன் ஒரு டிசம்பரில் என்னிடம் வந்தான். "மாமா, வாங்கி மூணு வாரமாச்சு. எலி குடுத்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. சீக்கா இருக்குமோ?" என்றான். அவன் குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். டி.வி.க்குப் பக்கத்தில், நான்கு பக்கமும் திறந்த கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒளிய ஓர் இடமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கண்ணாடியைத் தட்டுகிறார்கள். "பழகட்டுமே" என்று இவன் தினமும் மாலையில் கையிலெடுத்துக் கொஞ்சுகிறான். சூட்டுக்கு வைத்த பல்பை, இவன் வேலைக்குப் போனால் அணைத்துவிடுகிறார்கள். வெளியே தேயிலைச் செடிகளுக்கிடையே உறைபனி விழும் குளிர்.

பாம்புக்கு நோய் எதுவும் இல்லை. அது பயந்திருந்தது, குளிர்ந்திருந்தது. தொட்டியை நடமாட்டமில்லாத அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் காகிதம் ஒட்டச் சொன்னேன். பக்கத்தில் துளையிட்ட சிறு மண்சட்டிகள் இரண்டைக் கவிழ்த்து வைத்தோம். தானே சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு ஒரு சூட்டு விரிப்பு வாங்கினான். தண்ணீர் மாற்றுவதைத் தவிரப் பத்து நாள் பக்கமே போகாதே என்றேன். பன்னிரண்டாம் நாள் இரவு எலியைத் தின்றுவிட்டது.

ஏன் என்று புரிந்துகொண்டால் எல்லாம் எளிது. இந்தப் பாம்பு தன் நாட்டில் பகலெல்லாம் வளைக்குள் கிடந்து, இரவில் வெளியே வருவது. உடம்பு சுவரில் உரசும்படியான இறுக்கமான இருட்டே அதற்குப் பாதுகாப்பு. ஒளியிடம் இரண்டாவது வேண்டும். ஒன்று சூடான பக்கம், மற்றது குளிர்ந்த பக்கம். ஒன்றே இருந்தால், பாதுகாப்பா சூடா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும். சூடான பக்கம் 31, 32 டிகிரியும், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். பாம்பு தன் உடற்சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். வயிற்றில் இரை இருக்கும்போது குளிர்ந்துவிட்டால் செரிக்காமல் கக்கிவிடும். நெஞ்சில் சளியும் கட்டும்.

ஆகவே மூணாறில் கவலை குளிர் என்றால், பாலக்காட்டில் கவலை வெயில். ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஓட்டு வீட்டின் மேற்கு அறையில் கண்ணாடித் தொட்டி வைத்தால், பாம்பு வெந்துபோகும். அங்கே சூட்டு விரிப்பைவிட, குளிர்ந்த மூலை ஒன்றைத் தேடுவதே முதல் வேலை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், சட்டை துண்டு துண்டாக உரியும். பாம்பு உடம்பை நனைக்கும் அளவு அகலமான தண்ணீர்ச் சட்டியும், பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்த்தூளைக் கழுவி ஈரமாகப் பரப்புவதும் இதற்கு நல்ல மருந்து.

வீடு மாறும்போது அதை மீண்டும் குடியமர்த்த வேண்டும். புறப்படும் முன் சில நாள் இரை கொடுக்காதீர்கள். துணிப்பையில் இட்டு, காற்றுத் துளை உள்ள பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். புதுக் கூட்டைப் பெரிதாக, அழகாகச் செய்வது உங்கள் மகிழ்ச்சிக்கு. அதனுள் பழைய மண்சட்டியையும், பழைய நார்த்தூளில் ஒரு பிடியையும் போடுவது பாம்பின் நிம்மதிக்கு. தன் வாசனை இருக்கும் இடத்தில் அது சீக்கிரம் அடங்கும். மூடி இறுகப் பூட்டும்படி இருக்கட்டும். ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு ஓர் இரவு இரை வையுங்கள். தின்னாவிட்டால் எடுத்துவிட்டு இன்னொரு வாரம் பொறுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், எலி பாம்பைக் கடித்துவிடும். தின்ற பின்னும் இரண்டு நாள் கையிலெடுக்கக் கூடாது. மூக்கைக் கண்ணாடியில் தேய்த்தபடி ஓயாமல் சுற்றினால் அது இன்னும் அமைதி கொள்ளவில்லை என்று பொருள். பகலில் சட்டிக்குள் கிடந்து, இரவில் நாக்கை நீட்டி நிதானமாக உலாவினால் வீடு பிடித்துவிட்டது.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் அரசின் அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷமுறிவு மருந்துக்காக நஞ்சு எடுக்கிறது. பிடித்த பாம்பை மண்பானையில் இட்டு வாயைத் துணியால் கட்டி, குளிர்ந்த இருட்டில் வைப்பார்கள். சில வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுத்தபின் காட்டில் விட்டுவிடுவார்கள். நாம் வாழும் கேரளத்தில் சர்ப்பக்காவு உண்டு. வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலையைக் காடாகவே விட்டு, விளக்கு வைப்பதற்கு மட்டும் போய் வருகிறார்கள். இருளரின் பானையும் மலையாளிகளின் காவும் சொல்வது ஒன்றுதான்: பாம்புக்கு இடம் கொடு, பிறகு விலகி நில். பெற்றோரும் பாட்டன்மாரும் போடியிலிருந்து மலையேறி வந்த நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புது ஊரில் கால் வைத்த முதல் நாளில் மனிதனுக்கு முதலில் வேண்டியிருந்தது விருந்தோ வரவேற்போ இல்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவுதான்.

வளர்க்க முடியாமல் போனால் காட்டில் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது குற்றம், பேராபத்தும்கூட. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் வளர்ப்புக்கு வந்து தப்பியவையும் விடப்பட்டவையுமான பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017-இல் அழைக்கப்பட்டவர்கள் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வளர்க்க இயலாதவர்கள் வனத்துறையிடம் முறைப்படி தெரிவிப்பதே வழி.

வீட்டுக்குள் தானாக வரும் நம் நாட்டுப் பாம்புக்கும் இதே நியாயம்தான். லயத்துப் பிள்ளைகள் தேயிலைச் செடியிலிருக்கும் பச்சை நிறப் பாம்பைப் பாட்டிலில் அடைத்து விளையாடியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது குழிவிரியனாக இருந்தால்? நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமே தயாரிக்கப்படுகிறது. குழிவிரியன் கடிக்கு அது பயன்படாது. பிடிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, தூரத்திலிருந்து பாம்பின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, கேரள வனத்துறையின் "சர்ப்பா" செயலி வழியாகப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். "எங்காவது வெகுதூரத்தில் கொண்டுபோய் விடுங்கள்" என்று அவரை வற்புறுத்தாதீர்கள். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களுக்கு ரேடியோக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, வேறிடத்தில் விடப்பட்டது, தன் இடத்திலேயே இருந்ததைவிட மிக அதிகம் அலைந்தது தெரியவந்தது. இருந்த இடத்துக்கு அருகில் விடுவதுதான் அதற்கும் நல்லது. போகிற ஊரில் இருப்பவர்களுக்கும் நல்லது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த குடும்ப விழாவில் பட்டிமன்றத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, வனத்துறையின் பயிற்சி பெற்ற ஒருவரைத் தமிழில் பேச அழைக்க வேண்டும்; பிள்ளைகள் முன்வரிசையில் உட்காரட்டும். எஸ்டேட் கிளைகளின் அறிவிப்புப் பலகைகளில் அந்தப் பகுதி வன அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும். பாம்பின் மேல் நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்திருப்பது நல்ல காரியமே. அதைக் கையிலெடுத்துக் காட்டும் ஆர்வமாக வளர விடாமல், எட்ட நின்று தெரிந்துகொள்ளும் ஆர்வமாக வளர்ப்பது பெரியவர்களான நம் கடமை.