கண்சிமிட்டும் விளக்கும் கவனிக்காத நாமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையை அறியாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. விடியற்காலையில் ஒரு ஷிப்ட் உள்ளே போக, இன்னொரு ஷிப்ட் வெளியே வரும். கம்பெனிப் பேருந்துகள், கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களைச் சுமந்து துறைமுகம் நோக்கிச் செல்லும் நீண்ட வண்டிகள். இவற்றினூடே இரு சக்கர வண்டிகளில் நம் தந்தையரும் அண்ணன்மாரும். 'நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்' என்று அப்பெரிய வண்டிக்காரருக்குச் சொல்ல, இரவு நேரத்தில் நம் வீட்டு வண்டிக்கு இருப்பது ஒரே வாய்தான். அதுவே இண்டிகேட்டர் என்னும் சிறிய ஆரஞ்சு விளக்கு. அந்த வாய் அடைத்துப் போனாலும் நாம் கவனிப்பதில்லை என்பதே எங்கள் குறை. ஆம், எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்தார். வலப்புறம் தம் தெருவுக்குள் திரும்பும்போது பின்னால் வந்த வேன் உரசிவிட்டது. ஆறு வாரம் காலில் மாவுக்கட்டு. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. "இண்டிகேட்டர் போட்டேனே!" என்றார் அவர். "எரியவே இல்லையே!" என்றார் வேன் ஓட்டுநர். இருவர் சொன்னதும் உண்மை. முன்பக்க விளக்கும், மீட்டருக்கு அருகிலுள்ள பச்சை விளக்கும் சிமிட்டின. பின்பக்க பல்பு மட்டும் என்றோ உயிரை விட்டிருந்தது.

இதில் எங்களை வருத்தியது வேறொன்று. மூன்று வாரமாகவே வலப்பக்க விளக்கு வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டி வந்ததாம். அதைத் தோழி பார்த்தாள். அவள் அம்மாவும் பார்த்தார். அவளைப் பள்ளியில் இறக்கிவிட வரும்போது நாங்கள்கூடப் பார்த்திருக்கிறோம். 'நன்றாகத்தான் வேலை செய்கிறது' என்று நினைத்தோம். வண்டி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியவில்லை.

அந்த மொழி ஒன்றும் கடினமானதல்ல என்பதை எங்கள் இயற்பியல் சிஸ்டர் கரும்பலகையில் கால் மணி நேரத்தில் விளக்கிவிட்டார். பல வண்டிகளில் உள்ள சாதாரண இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட், 10 வாட். ஒரு பக்கத்திற்கு முன்னொன்று, பின்னொன்று. இரண்டும் சேர்ந்து சுமார் 1.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஒன்று அணைந்தால் அது பாதியாகும். மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்பும் சிறு பெட்டிக்கு ஃபிளாஷர் என்று பெயர். மின்னணு ஃபிளாஷர்கள் பலவும், மின்னோட்டம் குறைந்தவுடன் 'இங்கே ஒரு பல்பு இல்லை' என்று அறிவிப்பதற்காகவே வேகமாகச் சிமிட்டும்படி அமைந்தவை. பழைய ஃபிளாஷரிலோ சூடானால் வளையும் இரு உலோகப் பட்டை இருக்கும். குறைந்த மின்னோட்டத்தில் அது போதிய அளவு சூடாகாது. எனவே விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும், அல்லது மிக மெதுவாகச் சிமிட்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நிமிடத்திற்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் சிமிட்ட வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண யாருக்குத்தான் வராது?

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும், வீட்டில் தொலைந்த சாவியை எந்த அறையில் தேடுவது என்று முடிவு செய்வது போன்றதுதான். நான்கு விளக்குகளும் எரியவில்லையா? பொதுவான இடத்தில் தேட வேண்டும்: பேட்டரி, ஃப்யூஸ், ஃபிளாஷர், ஸ்விட்ச். ஹாரனும் சேர்ந்து ஊமையாகியிருந்தால் முதலில் ஃப்யூஸைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? ஃபிளாஷர் பெரும்பாலும் குற்றமற்றது. அந்தப் பக்கத்து ஸ்விட்ச் தொடுமுனையும் ஒயரும்தான் சந்தேகத்திற்குரியவை. ஒரே ஒரு விளக்கா? பல்பு, ஹோல்டர், எர்த் இம்மூன்றுக்குள் அகப்பட்டுவிடும். ஹேண்டிலை முழுதும் திருப்பும்போது மட்டும் அணைந்தால், கழுத்துப் பகுதியில் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கக்கூடும். நம் பகுதியில் கோடையில் கட்டடப் புழுதி, பிறகு வடகிழக்குப் பருவமழை. ஹோல்டரில் பச்சை பூப்பதும் எர்த் ஒயர் துருவேறுவதும் சகஜம். சிறு துண்டு உப்புத்தாளால் தேய்த்தாலே பல விளக்குகள் உயிர் பெறுகின்றன.

ஆனால் நடப்பதென்ன? விளக்கு எரியவில்லை என்றவுடன் 'ஃபிளாஷரை மாற்று' என்கிறார்கள். அப்படியும் எரியாவிட்டால் ஸ்விட்சை மாற்று என்கிறார்கள். எங்களில் ஒருத்தியின் வீட்டில் இப்படி இரண்டையும் மாற்றிய பிறகுதான் துருப்பிடித்த எர்த் அகப்பட்டது! இரண்டு முனை ஃபிளாஷரைக் கழற்றி, அந்த இரு ஒயர்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, ஸ்விட்சை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தால் ஃபிளாஷர்தான் குற்றவாளி. எரியாவிட்டால் அதன்மேல் பழி சுமத்தாதீர்கள். அழகுக்காக எல்.இ.டி. பல்பு போடும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை: அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. பழைய ஃபிளாஷர் இதைப் பல்பு போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளும். எல்.இ.டி.க்கு ஏற்ற ஃபிளாஷரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எரிந்துபோன ஃப்யூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் 'சாமர்த்தியம்' மட்டும் யாருக்கும் வேண்டாம். அடுத்து எரிவது ஒயராக இருக்கும்.

"பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? கையெல்லாம் கறுப்பாகும்" என்று பெற்றோர் சிலர் கூறுவது எங்கள் காதில் விழாமலில்லை. அவர்களிடம் பணிவுடன் கேட்கிறோம்: 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா தொழிற்சாலையில் கைப்பேசிகளைப் பொருத்தியும் சோதித்தும் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்களல்லவா? இன்றும் இங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகளில் ஏறுகிறவர்கள் நம் அக்காமார்தாமே? உலகத்திற்காக நுண்ணிய மின்சுற்றைச் சோதிக்கும் பெண், தன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் இரண்டு ஒயரைத் தொடக்கூடாதா? ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. அவற்றிற்கு இவ்வளவு அருகில் வாழும் நாம் ஒரு பல்பின் முன் திகைத்து நிற்கிறோம். இன்னொன்றும் சொல்லலாம். 1914-ஆம் ஆண்டளவில், கார் திரும்புவதைப் பின்னால் வருவோருக்குக் காட்டும் கைகாட்டிக் கருவி ஒன்றை அமெரிக்காவில் அமைத்தவராகச் சொல்லப்படுபவர் புளோரன்ஸ் லாரன்ஸ் என்ற திரைப்பட நடிகை. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை என்பதால் பெயரும் மறந்துபோயிற்று.

கோளாறு சரியாகும் வரை பகலில் கையால் சைகை காட்டலாம். இருட்டில் அந்தக் கை யார் கண்ணுக்குத் தெரியும்? ஆகவே பள்ளி நிர்வாகத்தினரிடம் எங்கள் வேண்டுகோள் இது. வெள்ளிக்கிழமை கைத்தொழில் வகுப்பில் மாதம் ஒருமுறை இயற்பியல் ஆய்வகத்தை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு திருப்புளி, ஒரு 12 வோல்ட் சோதனை விளக்கு, உப்புத்தாள், சில பல்புகள், அளவு சரியான ஃப்யூஸ்கள் போதும். பூத்தையல் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் கேட்கிறோம்.

தலைமை ஆசிரியை மதர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் சிஸ்டர் தம் ஸ்கூட்டரை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். வலப்பக்கம் நிமிடத்திற்கு 84 முறை சிமிட்டுகிறது. இடப்பக்கம் பின் விளக்கு மங்கலாக எரிகிறது. பல்பை மாற்றிப் பார்த்தும் மாறவில்லை. வரும் வெள்ளிக்கிழமை எர்த் ஒயரைக் கழற்றப் போகிறோம்.